கொடுக்கல் வாங்கலில் ஒரு வால்

அந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் எதையும் சரியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சரியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே பெரிய அவமரியாதை.

மூன்று மாடி, நடுவில் வானம் தெரியும் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி வராந்தா, வராந்தா நெடுகச் சின்னச் சின்னக் கடைகள். கீழே ரொட்டிக்காரர். முதல் மாடியில் அச்சகமும் ஆடிட்டரும். இரண்டாம் மாடியில் பல் டாக்டர் அம்மா. மூன்றாம் மாடியில் ஒரு பக்கம் திரைச்சீலை தைக்கும் கடை, முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதற்கு நேர் எதிரே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. காலையில் ரொட்டி வேகும் வாசனை படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டும். மத்தியானம் அச்சு மெஷினின் தாளத்துக்குக் கட்டடமே லேசாகக் கண் அயரும்.

எப்போதோ ஒரு காலத்தில் அந்த ஊரின் பெரிய தொழிற்சாலை மூடிவிட்டது. ஊரில் பணப்புழக்கம் வற்றிப்போயிற்று. வேலை தெரிந்த கை இருந்தது, வேலை வேண்டியவரும் இருந்தார், நடுவில் பணம் மட்டும்தான் இல்லை. அப்போது ஒருநாள் கன்னம் வீங்கிப்போய் ரொட்டிக்காரர் படியேறி, தினமும் காலையில் ரொட்டி தருகிறேன், இந்தப் பல்லை எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். அவரும் எடுத்துவிட்டார். அன்று தொடங்கியது மாற்று வேலை. பிறகு பணம் திரும்பி வந்தது. எல்லாரும் அதை உள்ளே கூப்பிட்டு மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். வெளி ஆட்களிடம் பணம்தான் வாங்குகிறார்கள், கார்டு தேய்க்கும் மெஷின் இல்லாத கடை கிடையாது. ஆனால் கட்டடத்துக்குள் இன்றைக்கும் வேலைக்கு வேலைதான்.

அதில்தான் வால் வருகிறது. அச்சகக்காரரின் நாற்காலிக்கு உறை தைத்துக் கொடுத்தால், அவர் பதிலுக்கு விசிட்டிங் கார்டு அடித்துத் தருவார். தரும்போது ஒரு கட்டு கூடவே வைப்பார். அந்தக் கூடுதல் கட்டுதான் வால். அதற்காகப் பிறகு ஒருநாள் அவருடைய ஜன்னலுக்கு ஏதாவது தைக்க வேண்டியிருக்கும், அதிலும் துளி கூடவோ குறையவோ போகும். இப்படி வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கும். யார் யாருக்குத் தர வேண்டும் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். வால் இருக்கிற வரை உறவு இருக்கிறது என்று பொருள். யாராவது வாலை நறுக்கிச் சரிசமமாக்கிவிட்டால், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னதாகிவிடும். அந்தக் கட்டடத்தில் சண்டை போடக் கத்தத் தேவையில்லை, நேர் செய்தால் போதும்.

ஒருமுறை ரொட்டிக்காரர், ஆடிட்டருக்குத் தர வேண்டிய கடைசி பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பி நேர் செய்துவிட்டார். ஆடிட்டருக்கு அது சவுக்கடி. ரொட்டிக் கடை வாசலைத் தாண்ட வேண்டுமே என்று வெகுநாள் பின்பக்கப் படியால் ஏறிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஒரு இளைஞன் போனும் கையுமாக வந்தான். எல்லாருடைய வேலையையும் புள்ளிகளாக்கி ஆப்பில் போட்டுவிடலாம், மாதக் கடைசியில் தானாக எல்லாம் சுழியம் ஆகிவிடும் என்று ஆசையாகச் சொன்னான். சுழியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லார் முகமும் கறுத்துவிட்டது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்த டீயையே வாலாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

திரைச்சீலைக் கடைக்காரியை எல்லாரும் திரை அக்கா என்பார்கள். வயதில் மூத்த ரொட்டிக்காரருக்கும் அவள் அக்காதான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால், மற்றவர் வீட்டு ஜன்னலை அளந்துகொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது என்பாள். தம்பி வீட்டில்தான் இருக்கிறாள், தம்பி மனைவிதான் கடையில் கூட இருந்து வளையம் கோர்ப்பதும் மடிப்பு பிடிப்பதும். இரண்டு பேரும் நாத்தனார் சண்டை போட முயன்று பார்த்து, வராததால் விட்டுவிட்டார்கள்.

கடை முழுக்க ஜன்னலே இல்லாத திரைகள் தொங்கும். உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டுதான் அவளிடம் வர வேண்டும். திரை தைக்கும்போது அவளுக்கு அந்த ஜன்னலுக்கு அப்பால் இருக்கிற அறை கண்ணுக்குள் வரும். நீளமான ஒற்றைத் திரை என்றால் யாரோ தனியாகப் படுத்து வெயில் ஏறும்வரை தூங்குகிறார்கள். வெளிச்சம் புகாதபடி திரைக்கு உள்துணி இரட்டையாகக் கேட்டால் வீட்டில் கைக்குழந்தை. தானே அந்த அறைகளில் எல்லாம் கொஞ்ச நேரம் வாழ்ந்துவிட்டு வருவாள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அவள் வேறெங்கோ இருப்பாள், தம்பி மனைவி தோளைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும்.

எதிரே இருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கட்டடம் வைத்த பெயர் ஐஸ் அண்ணன். ஆள் அதிகம் பேச மாட்டார், அதனால் அந்தப் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திவிட்டது. முன்பு ஏதோ பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவர். மனைவி தவறிய பிறகு, மகளும் படிக்க வெளியூர் போன பிறகு, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கடை போட்டார். பழுதான ஃப்ரிட்ஜ்களைச் சுவரோரமாக நிறுத்தி, கதவில் காதை வைத்துக் கேட்பார். மோட்டார் என்ன சொல்கிறது என்று அவருக்குப் புரியுமாம். சாயங்காலம் எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுத்துக் கதவுகளைத் திறந்து பார்ப்பார். அப்போது ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன விளக்கு எரியும். முற்றத்துக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால், தூரத்துத் தெரு ஒன்றில் வீடு வீடாக விளக்கேற்றிய மாதிரி இருக்கும். திரை அக்கா அந்த நேரத்தில் வேலையை நிறுத்திவிடுவாள். கண்ணுக்கு ஓய்வு என்று சொல்லிக்கொள்வாள்.

கட்டடமே அண்ணன் என்று கூப்பிட்ட அந்த மனிதரை அவள் மட்டும் ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. மெக்கானிக் என்பாள், இல்லையென்றால் இந்தாங்க என்பாள். தம்பி மனைவி இதை எப்போதோ கவனித்துவிட்டாள். கவனித்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அவர்களுக்குள் மாற்று வேலை தொடங்கியது வெயிலால். அவர் கடை மேற்குப் பார்த்தது. மத்தியான வெயில் உள்ளே இறங்கி, கேஸ் சிலிண்டர்கள் வைத்திருக்கும் மூலையைச் சுட்டது. அவள் கனமான துணியில் ஒரு திரை தைத்துப் போட்டாள். பதிலுக்கு அவர் அவளுடைய தையல் மெஷின் மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்தார், கூடவே பெடலையும் சரிசெய்தார். பெடல் வால். அந்த வாலுக்கு அவள் அவர் கடைக் கதவுக்கு ஒரு துணி போட்டாள். அப்படியே போய்க்கொண்டிருந்தது. வருடங்கள் போனதே தெரியவில்லை. அவருடைய தேய்ந்த சட்டைக் காலர் அவள் கையால் திரும்பியது, அவளுடைய மின்விசிறி அவர் கையால் சுற்றியது. கடைசியாக, நிறம் வெளுத்த அந்தப் பழைய மேற்குத் திரையை எடுத்துவிட்டு அவள் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். ஆக வால் இப்போது அவர் பக்கம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஐஸ் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

முதலில் அச்சகக்காரர் சொன்னார். அவருடைய ஏசியை வந்து பார்த்துவிட்டு, போன தடவை நோட்டீஸ் அடித்ததற்கு இது சரியாகப் போயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அச்சகக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்து டாக்டர் அம்மாவின் மருந்து வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ். அதற்குப் பிறகு ரொட்டிக்காரரின் குளிர் அறை, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, கொடுத்த ரொட்டியைக்கூட வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறார். ரொட்டிக்காரர் மாவு பிசைந்த கையோடு வராந்தாவில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடிட்டருக்கு மட்டும் உள்ளூரக் கொஞ்சம் திருப்தி, இப்போதாவது அந்த வலி ரொட்டிக்காரருக்குத் தெரியட்டும் என்று. மறுநாள் அவருடைய கடைக்கும் ஐஸ் அண்ணன் டூல் பாக்ஸோடு வந்தார். திருப்தி போயிற்று.

யாருக்கும் புரியவில்லை. ஒருவரோடு சண்டை என்றால் காரணம் இருக்கும். மொத்தக் கட்டடத்தோடும் ஒரு மனிதன் சிரித்த முகமாகச் சண்டை போடுவானா? போய்க் கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. நேர் செய்தவனிடம் போய் ஏன் என்று கேட்பது, அடித்தவனிடம் போய் இன்னொரு அடி கேட்கிற மாதிரி என்றார் அச்சகக்காரர்.

திரை அக்கா மட்டும்தான் பாக்கி. அவளுக்கு அது விளங்கியபோது கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. அவர் வருவார். ஏதாவது ஒன்றைச் சரிசெய்து தருவார். சரியாகப் போயிற்று என்பார். அதோடு முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாமல் போய்விடும். இத்தனை வருடமாக அவளுக்கென்று இருந்தது அந்தப் பக்கம் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆக அவள் ஒரு முடிவெடுத்தாள். அவளிடம் பழுதானது எதுவுமே கிடையாது.

அன்று மத்தியானமே அவர் வந்துவிட்டார். திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, கையில் டூல் பாக்ஸ். செய்ய வேண்டிய வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எல்லாம் தங்கமாக ஓடுகிறது என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய மெஷின் கடகடவென்று உறுமியது.

"மோட்டார் சத்தம் வருதே."

"அது மோட்டார் இல்ல. என் தம்பி பொண்டாட்டி குறட்டை விடறா."

தம்பி மனைவி அவள் பக்கத்திலேயே நின்று கண்ணை அகல விரித்து வளையம் கோர்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி வந்தார். மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறதே என்றார். அப்படிச் சுற்றினால்தான் துணி பறக்காது என்றாள். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிய்ந்திருக்கிறதே என்றார். பெட்டியையே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று பூட்டாத பீரோவைக் காட்டினாள். அப்போது தம்பி மனைவிக்குச் சபலம் தட்டிவிட்டது. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் போய், கதவு மூடாமல் கிடக்கிறது என்று ஆரம்பித்தாள். திரை அக்கா மேஜைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள். கதவு மூடாமல் இருப்பதுதான் இப்போதைய மாடல் என்று தம்பி மனைவி வாக்கியத்தை முடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் தினமும் பால் கெட்டது. தம்பி புளித்த டீயைக் குடித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் எதிர்க் கடையில் இருக்கும்போது நமக்கு இந்தத் தலையெழுத்தா என்று கத்தினான். தம்பி மனைவி கெட்ட பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். ஊற்றும்போது நாத்தனாரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, கொஞ்ச நாளைக்குப் பாலில்லாத காப்பி குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று கணவனை அடக்கினாள்.

கடையிலும் திரை அக்காவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டின் மடிப்பை இன்னொரு வீட்டுத் திரையில் பிடித்தாள். சாயங்காலம் எதிரே விளக்குகள் எரியும்போது இவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்திய ஜன்னலிலும் அந்த வெளிச்சம் தெரிந்தது, கண்ணை மூடினாலும் தெரிந்தது. அரைத் தூக்கத்தில் ஒரு கனவு வரும். அதில் கட்டடம் முழுக்கத் திரை தொங்கும். அவள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவாள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு திரை இருக்கும், ஜன்னல் மட்டும் வராது.

துவைத்த திரைகளை உலர்த்துவது மொட்டை மாடியில். பழைய திரைகளுக்குப் புது உள்துணி போடுவதற்கு முன் துவைத்துக் காய வைக்க வேண்டும். அன்று நல்ல காற்று. கயிறு கயிறாகத் துணிகள் உப்பி எழுந்து, மெல்ல இறங்கி, மறுபடி எழுந்தன. வெயில் நீலத் துணி வழியாக வந்து தரையில் நீலமாக விழுந்தது, மஞ்சள் துணி வழியாக மஞ்சளாக. அவள் நடுவில் நின்று கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டடம் கீழே எங்கோ தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருந்தது. சத்தங்கள் மங்கலாகத்தான் ஏறி வந்தன.

ஒரு திரை இறங்கியபோது அதன் பின்னால் அவர் நின்றிருந்தார். கையில் டூல் பாக்ஸ் இல்லை.

ஓடுவதற்கு இடம் இல்லை. ஓடியது போதும் என்றும் அவளுக்குத் தோன்றியது. அவரே தொடங்கட்டும் என்று காத்திருந்தால் அந்த மனிதர் சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருப்பார் என்பதும் தெரியும்.

"என் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமா? எனக்கா?" என்றார். நிஜமாகவே விழித்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பாதி வருடம் வீட்டில் இருக்க மாட்டார். தனியாகச் சமாளிக்க முடியாது, வந்து கூடவே இருந்துவிடுங்கள் அப்பா என்று மகள் அழுதிருக்கிறாள். கடையை ஒப்படைத்துவிட்டு அடுத்த வாரம் கிளம்புகிறார். சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் எல்லாரிடமும் போனார். வாய் வரவில்லை, அதனால் வேலையை மட்டும் செய்துவிட்டு வந்தார். சர்வீஸ் சென்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ கணக்கில் வராவிட்டாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். ஒன்றும் பாக்கி வைக்காமல் கிளம்புவதுதான் மரியாதை என்று அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

"எல்லாரையும் முடிச்சுட்டேன். உங்களோடதுதான் முடியல. நீங்க எதையும் தொட விட மாட்டேங்கறீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறார், எல்லாரும் வால் விடும்போது தானும் விட்டிருக்கிறார். அது ஏதோ இந்த ஊர் ஆட்களின் தாராள குணம், இல்லையென்றால் மறதி என்று நினைத்திருக்கிறார். நேர் செய்தால் என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் சொன்னாள். ரொட்டிக்காரரின் பன் கதையையும் சொன்னாள்.

அவர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் எல்லார்கிட்டயும்..."

"ஒருத்தர் விடாம சண்டை போட்டுட்டீங்க."

காற்று திரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருமுறை அவர் மேல் ஒரு திரை விழுந்து அப்பிக்கொண்டது. அவர் அதை விலக்கவில்லை, உள்ளேயே இருந்தார். அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த கயிற்றில் இருந்த கிளிப்புகளை எடுத்து மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கட்டடம் அதுவரை பார்க்காத ஒரு காட்சியைப் பார்த்தது. ஐஸ் அண்ணன் கடை கடையாகப் போய் ஏதாவது தரச் சொல்லிக் கேட்டார். ரொட்டிக்காரரிடம் வழிப் பயணத்துக்கு ரொட்டி கேட்டார், நான்கு பேர் தின்றாலும் தீராத அளவுக்கு. ரொட்டிக்காரர் அடுப்பைத் தணிக்காமல் நாளெல்லாம் சுட்டார். டாக்டர் அம்மாவிடம் வாயைத் திறந்து காட்டினார். ஒரு பல்லிலும் கோளாறு இல்லை. ஆனாலும் அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் அடுத்த தடவை வரும்போது கட்டாயம் பார்க்க வேண்டும் என்று மிரட்டி அனுப்பினார். அச்சகத்தில் விசிட்டிங் கார்டு கேட்டார். இனிக் கடை இல்லை என்பதால் விலாசம் வரும் இடத்தை வெறுமையாக விட்டு அடித்தார்கள். ஆடிட்டரிடம் அடுத்த வருடக் கணக்கையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். கடையே இல்லையே, எதைப் பார்ப்பது என்று ஆடிட்டர் கேட்கவில்லை. பார்க்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஒவ்வொரு கடையிலிருந்தும் பாக்கியோடு வெளியே வர வர, கட்டடத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

மூன்றாம் மாடியில் முற்றத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் அவர் வரவில்லை. திரை அக்கா தைத்துக்கொண்டே வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எதிர்க் கடையிலிருந்து ஃப்ரிட்ஜ்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சாயங்காலம் எரியும் விளக்குகள் குறைந்தன. கடைசியில் அவர் கடை ஜன்னலில் அவள் போட்ட திரை ஒன்றுதான் மிஞ்சியது.

கிளம்புகிற நாள் காலையில் வந்தார். சலவைச் சட்டை. காலர் அவள் திருப்பித் தைத்தது. தம்பி மனைவி அவரைப் பார்த்ததும், டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தாள். கடைக்குள்ளேயே டீ போடும் கெட்டில் இருந்தது. அது இருப்பதையே அவள் மறந்துவிட்டவள் மாதிரி படியிறங்கிப் போனாள்.

அவர் திரைகளுக்கு நடுவே நின்றார். ஒரு திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"திரைக்காரம்மா, உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். மத்தவங்ககிட்ட கேட்ட மாதிரி இல்ல. இதுக்குப் பதிலா கொடுக்க என்கிட்ட எதுவும் கிடையாது."

"கேளுங்க."

"என்கூட வந்துடறீங்களா?"

மெஷினில் பாதித் திரை இருந்தது. அவள் கால் பெடல் மேலேயே இருந்தது. எத்தனையோ வீட்டு அறைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தவளுக்கு அந்த வீடும் ஒரு நொடி கண்ணில் வந்தது. தொட்டில், தெரியாத தெரு, வாசலில் இவர். அந்த அறையில் தன்னை எங்கே உட்கார வைப்பது என்று தேடினாள். இடம் கிடைக்கவில்லை. பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"வர முடியாது. இந்தக் கடையை விட்டுட்டு வந்தா நான் யாருன்னு எனக்கே தெரியாது. உங்க பொண்ணு வீட்டுல நான் விருந்தாளியா எவ்வளவு நாள் உக்காந்திருப்பேன்?"

அவர் தலையசைத்தார். எதிர்பார்த்த முகம்தான், ஆனாலும் வலித்த முகம்.

"நானும் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். பெடலிலிருந்து காலை எடுத்தாள். "போகாதீங்க."

"பொண்ணு தனியா இருக்காம்மா."

"தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்."

கீழே அச்சு மெஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் போனதும்தான் நடந்தது என்ன என்று அவளுக்கு விளங்கியது. அவர் ஒன்று கேட்டார், அவள் இல்லை என்றாள். அவள் ஒன்று கேட்டாள், அவர் இல்லை என்றார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய வால் எல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? இந்தக் கட்டடம் இதுவரை பார்த்ததிலேயே மிகச் சரியாகப் போன கணக்கு அதுதான். அவள் அவரைப் பார்த்தாள். அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்பது அவர் முகம் வெளிறியதில் தெரிந்தது. மொட்டை மாடியில் கற்றுக்கொண்ட பாடத்தை அந்த மனிதர் மறக்கவில்லை.

வண்டிக்காரன் கீழேயிருந்து கூப்பிட்டான். அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து, கடையில் இருந்த அத்தனை துணியும் ஒரே நிறமாகக் கலங்கியது. அப்போது அவர் திரும்பினார்.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்றார். "என் கடைக்கு அளவெடுக்க வந்தீங்களே, அன்னிலேருந்து. தினமும் சாயங்காலம் நீங்க பாக்கறீங்கன்னுதான் எல்லாக் கதவையும் திறந்து வைப்பேன். டெஸ்ட் பண்ண ஒரு கதவு போதும்."

அவள் எழுந்துவிட்டாள். பதில் அவளிடம் தயாராக இருந்தது. எத்தனையோ வருடமாகத் தயாராக இருந்தது. தைக்கும்போது, நூல் கோர்க்கும்போது, படியேறும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தது. அது வாய் வரை வந்துவிட்டது.

அவர் கையை உயர்த்தினார்.

"இப்பச் சொல்லிடாதீங்க" என்றார். "தயவு பண்ணி இப்பச் சொல்லிடாதீங்க."

அவளுக்குப் புரிந்தது, சொல்லிவிட்டால் நேராகிவிடும். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், தலையை மட்டும் ஆட்டினாள். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் இரண்டாம் மாடியில் கேட்டது, முதல் மாடியில் கேட்டது, ரொட்டிக் கடை வாசலில் கேட்டது. வண்டி கிளம்புகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.